பிள்ளைகள் கையில் ஏஐ: ஆசிரியரும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியர்களிடம் பேசினால் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டுப்பாடம் பளிச்சென்று இருக்கிறது. கட்டுரையில் ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை. கணக்கு வரி வரியாகப் போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையையே கரும்பலகைக்குக் கூப்பிட்டு அதே கணக்கைப் போடச் சொன்னால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது.

கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியான சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30-ம் தேதி. அப்புறம் ஜெமினி, கோபைலட் என்று வரிசையாக வந்து, இன்று வாட்ஸ்அப்பைத் திறந்தாலே உள்ளே ஒரு ஏஐ இருக்கிறது. நோட்டைப் படம் பிடித்து அனுப்பினால் விடை வந்துவிடும். இதுவரை, வீட்டுப்பாடம் முடிந்திருந்தால் பிள்ளை ஓரளவாவது படித்திருக்கும் என்று நம்பினோம். இனி அப்படி நம்ப வழியில்லை. பெற்றோரும் ஆசிரியரும் செய்கிற பெரும்பாலான தவறுகள், இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

விடையைக் கேட்க விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டாவது குழுவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற ஒன்று. மூன்றாவது குழுவுக்கும் ஏஐதான், ஆனால் விடையை நேரடியாகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்தது.

பயிற்சி நேரத்தில் ஏஐ வைத்திருந்த இரண்டு குழுக்களும் வெளுத்து வாங்கின. புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட இரண்டாவது குழு 48 சதவீதமும், மூன்றாவது குழு 127 சதவீதமும் கூடுதலாக எடுத்தன. பிறகு ஏஐயை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாட்ஜிபிடி போன்றதை வைத்துப் பயிற்சி செய்த குழு, ஏஐயையே பார்க்காத குழுவைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் கிடைத்த மூன்றாவது குழுவுக்கு அந்தச் சரிவு இல்லை. புத்தகக் குழுவை ஒட்டியே நின்றது.

இதில் என்னை மிகவும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. மதிப்பெண் சரிந்த பிள்ளைகளுக்கே தாங்கள் குறைவாகக் கற்றோம் என்று தெரியவில்லை. நன்றாகப் படித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது' என்று பிள்ளை மனதாரத்தான் சொல்கிறது. பொய் சொல்லவில்லை. ஆகவே அந்தக் கேள்வியை வைத்து எதையும் அளக்க முடியாது.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம். x² − 5x + 6 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். பிள்ளை (x + 2)(x + 3) என்று எழுதியிருக்கிறது. இதைப் படம் எடுத்து 'விடை என்ன?' என்று கேட்டால், (x − 2)(x − 3) என்று நாலு வரி விளக்கத்தோடு ஏஐ கொடுத்துவிடும். பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். தான் எங்கே சறுக்கினோம் என்று அது யோசிக்கவே இல்லை. அதே ஏஐயிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

'நான் ஒன்பதாம் வகுப்பு. விடையைச் சொல்லாதே. நான் போட்டதில் எந்த இடத்தில் தவறு என்று நானே கண்டுபிடிக்கும்படி ஒரு கேள்வி கேள். நான் பதில் சொன்ன பிறகு அடுத்த கேள்வி.'

இப்போது அது, 'நீ எடுத்த இரண்டு எண்களையும் கூட்டினால் −5 வருகிறதா?' என்பதுபோல ஒன்றைக் கேட்கும். 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 5. குறி மாற வேண்டும், ஆனால் பெருக்கினால் +6 வரவேண்டும். அப்படியானால் இரண்டுமே மைனஸ். அந்த அரை நிமிடத் திணறலில்தான் அந்தப் பிள்ளைக்குக் காரணிப்படுத்தல் பிடிபடுகிறது. அதை அதனிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

கவனியுங்கள், இப்படி ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று விடவும் முடியாது. பிள்ளை அவசரத்தில் இருந்தால் 'சரி, விடையைச் சொல்லு' என்று தட்டும்; ஏஐயும் சொல்லிவிடும். வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஏஐயை மூடிய பிறகு, அதே மாதிரி இன்னொரு கணக்கை வெறும் தாளில் போட வைத்து, 'எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு' என்று கேட்கிற ஒருவர் போதும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அம்மாவால்கூட இதைச் செய்ய முடியும். பிள்ளை தடுமாறினால் அவருக்கே தெரிந்துவிடும்.

நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் 2024-ல் உலக வங்கி நடத்திய ஒரு முயற்சியில் இதன் மறுபக்கம் தெரிகிறது. பள்ளி முடிந்த பிறகு, ஆறு வாரம், மாணவர்கள் ஏஐ உதவியோடு ஆங்கிலம் படித்தார்கள். ஆசிரியர் கூடவே இருந்தார். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டினார். அதில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். கருவி ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார் என்பதும், கேள்வி வேறு மாதிரி கேட்கப்பட்டது என்பதும்தான் பெரிய வித்தியாசம்.

தமிழில் அழகாகச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது

ஏஐ தமிழ் இப்போது முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. பிரபலமான குறள்களைச் சரியாகச் சொல்லும். ஆனால் அதிகம் புழங்காத ஒன்றைக் கேட்டால், இல்லாத குறளை இருப்பதுபோல எழுதி, எண்ணும் போட்டு, பொருளும் சொல்லிவிடும். தயக்கம் கொஞ்சமும் தெரியாது. மேடைப் பேச்சுப் போட்டிக்கு இதை மனப்பாடம் செய்துகொண்டு போகிற பிள்ளையை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

இதற்குக் காரணம் அது வேலை செய்யும் விதம். ஏஐ புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதில்லை. இந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகிறது. தமிழை எழுத்து எழுத்தாகவும் அது பார்ப்பதில்லை. நமக்கு 'கி' ஒரே எழுத்து. கணினியின் யூனிகோட் கணக்கில் அது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு துண்டு. அதனால்தான் எழுத்தை எண்ணுவது, அசை பிரிப்பது, வாய்பாடு சொல்வது போன்ற வேலைகளில் அது அடிக்கடி தடுமாறுகிறது. பத்தாம் வகுப்பில் அலகிடுதல், அதாவது செய்யுளின் சீர்களை அசை பிரித்து வாய்பாடு சொல்வது, படிக்கிற பிள்ளை ஏஐயை நம்பிப் போனால் மதிப்பெண் போகும்.

ஆனால் இதே அலகிடுதல், ஏஐயைச் சோதிக்கப் பிள்ளையின் கையில் இருக்கும் நல்ல கருவி. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்பதை எடுத்துக்கொள்வோம். கற்க என்பது நேர் நேர் என்று இரண்டு அசை, அதன் வாய்பாடு தேமா. கசடறக் என்பது நிரை நிரை, கருவிளம். கற்பவை, கற்றபின் இரண்டும் கூவிளம். நிற்க மறுபடி தேமா. அதற்குத் என்பது புளிமா. கடைசிச் சீர் 'தக' ஒரே நிரையசை, மலர். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று; கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நான்கில் ஒன்றில்தான் முடிய வேண்டும். ஏஐ ஒரு குறளைச் சொல்கிறதா, இப்படி அலகிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சீர் எண்ணிக்கை இடித்தாலோ, கடைசிச் சீர் இந்த நான்கில் அடங்காவிட்டாலோ, அது வள்ளுவர் எழுதியதாக இருக்காது.

எண்ணையும் சரிபார்க்கலாம். ஒரு அதிகாரத்துக்குப் பத்துக் குறள். நட்பு 79-வது அதிகாரம் என்றால் அதன் குறள்கள் 781 முதல் 790 வரை. நட்புக் குறள் என்று சொல்லிவிட்டு 452 என்று எண் போட்டிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். இந்த இரண்டு சோதனையிலும் தேறினாலும், கடைசியில் புத்தகத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அறிவியலில் சிக்கல் வேறு மாதிரி. இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழும் இலங்கைப் பாடநூல் தமிழும் கலந்து கிடக்கின்றன. நம் புத்தகத்தில் முடுக்கம் என்று இருப்பது இலங்கையில் ஆர்முடுகல். நமக்கு ஒளிச்சேர்க்கை, அவர்களுக்கு ஒளித்தொகுப்பு. இரண்டுமே சரிதான், ஆனால் ஏஐ இரண்டையும் கலந்து கொடுத்தால் பிள்ளை குழம்பும். பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்து, 'இதில் உள்ள சொற்களையே பயன்படுத்தி விளக்கு' என்று கேட்க வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

கண்டுபிடிக்கும் கருவியை நம்பிப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது

ஏஐ எழுதியதா, பிள்ளை எழுதியதா என்று சொல்லிவிடுவதாக நிறையக் கருவிகள் இருக்கின்றன. அவற்றை நம்பி ஒரு பிள்ளையை வகுப்பில் நிற்க வைப்பது பெரிய அநியாயம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அவர்களே அதை விலக்கிக்கொண்டார்கள்.

அதைவிட முக்கியமானது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் கண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல், ஏஐ எழுதியது என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை அதே கருவிகள் ஏறக்குறைய முழுவதும் சரியாகக் கணித்தன. தெரிந்த சொற்களை வைத்து, எளிய வாக்கியங்களில், பத்திரமாக எழுதுகிறவர்களின் நடை இந்தக் கருவிகளுக்கு இயந்திர நடைபோலத் தெரிகிறது. அரசுப் பள்ளியில் ஆங்கில வழியில் படிக்கும், வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளை எழுதுவதும் அப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, எழுதியதைப் பற்றி இரண்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், மானமும் போகாது.

தடை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது

நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் பள்ளிக் கணினிகளில் சாட்ஜிபிடியைத் தடை செய்தன. அந்த ஆண்டு மே மாதமே தடையை விலக்கின. பள்ளிக்குள் தடுத்தாலும் வீட்டில் தடுக்க முடியாது என்பது ஒரு பக்கம். டியூஷனுக்குப் பணம் இல்லாத, முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஆங்கிலப் பாடத்தைப் பொறுமையாகத் தமிழில் விளக்க ஒன்று கிடைத்திருக்கிறது என்பது மறுபக்கம். அதை அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வராது.

ஆனால் சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் ஏஐ உரையாடலுக்குக் குறைந்தது 13 வயதாவது வேண்டும் என்கிறது. ஓப்பன்ஏஐயின் விதியும் அதே 13-தான்; 18 வயது வரை பெற்றோர் சம்மதமும் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது வேண்டாம். அதற்குக் கதைப் புத்தகமும், உட்கார்ந்து கேட்க ஒரு ஆளும் போதும்.

ஆசிரியர் பக்கம்

பழைய வீட்டுப்பாடத்தையே தொடர்ந்து கொடுப்பது ஒரு தவறு. 'மழைநீர் சேகரிப்பு பற்றி இரண்டு பக்கம்' என்றால் ஏஐ நொடியில் எழுதிவிடும். 'உங்கள் தெருவில் மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடி எங்கே போய்ச் சேர்கிறது, படம் வரைந்து வா' என்று கேட்டால் பிள்ளை வெளியே போய்ப் பார்த்தே ஆகவேண்டும். ஏஐயையே வேலை வாங்கவும் வழி இருக்கிறது: ஒரு கணக்கை வேண்டுமென்றே ஒரு இடத்தில் தப்பாகப் போட்டுத் தரச் சொல்லி, அதை வகுப்பில் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க வைக்கலாம். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

வினாத்தாள் தயாரிக்க ஏஐயைப் பயன்படுத்துகிறவர்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வினாவையும் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். துருக்கிச் சோதனையில் அந்த வழக்கமான ஏஐ ஏறக்குறைய பாதிக் கணக்குகளுக்குத்தான் சரியான விடை கொடுத்தது. புதியவை தேறியிருக்கின்றன. ஆனாலும் விடைக்குறிப்பில் ஒரே ஒரு தப்பு இருந்தால்கூட, சரியாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும்.

அப்புறம், அவசரத்தில் பலரும் செய்வது ஒன்று: மதிப்பெண் பட்டியலை அப்படியே ஏற்றி 'ரிப்போர்ட் தயார் பண்ணு' என்பது. அதில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண், சில சமயம் சாதி விவரம்கூட இருக்கும். இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை அது கேட்கிறது. ஏற்றும் முன் பெயர் இருக்கும் கட்டத்தை அழித்துவிட்டு 1, 2, 3 என்று எண் மட்டும் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்கள் டைரியில் இருக்கட்டும். ரிப்போர்ட் வந்த பிறகு பெயரைக் கையால் எழுதிக்கொள்ளலாம், நாற்பது பிள்ளைக்குப் பத்து நிமிட வேலை.