ஊரில் உத்தியோகம், கனடாவில் என்ன? கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கனடாவுக்கு, குறிப்பாக ஒன்ராறியோவுக்கு, போய் இறங்கியிருப்பவர்களுக்கும் போகப் பெட்டி கட்டுபவர்களுக்கும் இது. அதிலும் படித்து, இங்கே ஓர் உத்தியோகம் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு. ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், வங்கி ஊழியர், என்ஜிஓவில் களவேலை பார்த்தவர், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்தவர் என்று யாராகவும் இருக்கலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இறங்கிக் கொஞ்ச நாளிலேயே ஏஜென்சிக்காரர் வெயார்ஹவுஸ் இரவு ஷிப்டுக்குக் கூப்பிடுவார். இந்த முறை நான் லீவில் ஊருக்கு வந்து நிற்கையில், கல்லடியில் ஓர் ஓய்வுபெற்ற அதிபர் முகத்துக்கு நேரே கேட்டார்: "இவ்வளவு படிச்சிட்டு அங்க போய்ப் பெட்டி தூக்குறதா மனே?"

தூக்கலாம். வாடகை கட்டவேண்டும், ஊருக்குக் காசு அனுப்பவேண்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அந்த ஷிப்ட் பழகிவிட்டால், செய்த தொழிலைப் பற்றி யாரிடமும் பேசுவதையே விட்டுவிடுவீர்கள். அப்படி விட்டவர்கள் பத்து வருடம் கழித்தும் அதே கொம்பனியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பெட்டி தூக்கும் காலத்துக்கு ஒரு எல்லை போட்டுக்கொண்டு, அதற்குள் எந்தப் பயிற்சி வழியாக வெளியே வருவது என்று யோசியுங்கள்.

இங்கே நமக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பட்டம் முடித்தால் நியமனம் வரவேண்டும், வராவிட்டால் கேட்கவேண்டும். 2017ல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020ல் பட்டதாரிப் பயிலுநர்களாக எடுத்து, மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு அரச அலுவலகங்களில் இருத்தினார்கள். அந்தப் போராட்டம் நியாயமானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கனடாவில் எந்த வருடம் பட்டம் முடித்தீர்கள் என்று வரிசை பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள். நியமனக் கடிதத்துக்காகத் தபால்காரரைப் பார்த்திருந்த மனம் அங்கே காலத்தைத்தான் கொல்லும்.

விமானம் ஏறுமுன்

பட்டப் படிப்பின் பெறுபேற்றுத் தாளைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் நேரடியாக மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பவேண்டியிருக்கும். வெஸ் (WES) என்று எல்லோரும் சொல்லும் நிறுவனம் அப்படித்தான் கேட்கிறது. நீங்கள் கையில் கொண்டுபோகும் போட்டோக்கொப்பிக்கு அங்கே மதிப்பில்லை. வந்தாறுமூலை பரீட்சைக் கிளையில் இதைச் செய்விக்க ஊரில் நிற்கும்போது ஒரு பஸ் பயணம் போதும். ஸ்காபரோவிலிருந்து செய்வதென்றால், "தம்பி, கொஞ்சம் போய்ப் பார்த்து வா" என்று மச்சானை மாதக்கணக்கில் கெஞ்சவேண்டும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தையும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தையும் அங்கே ஒன்றாகக் கணிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். குடிவரவுக்காக எடுக்கும் கல்வி மதிப்பீடு ஐந்து வருடம் செல்லுபடியாகும்.

சுனாமியிலோ சண்டைக் காலத்திலோ சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையம் வழியாகவே விண்ணப்பித்து எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துமாகப் பெயர் இருந்தால் அதையும் இங்கேயே சரிசெய்யுங்கள்.

சேவைக் கடிதம் ஒன்று கேட்டு வாங்குங்கள். "இவர் 2014 முதல் கடமையாற்றினார், நன்னடத்தையுடையவர்" என்ற வழக்கமான இரண்டு வரி போதாது. என்னென்ன வேலை செய்தீர்கள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று விவரமாக இருக்கவேண்டும். அப்புறம் வாகன அனுமதிப்பத்திரம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடமிருந்து எத்தனை வருட அனுபவம் என்று உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கொண்டுபோனால், ஒன்ராறியோவில் வீதிப் பரீட்சைக்காகக் காத்திருக்கும் காலம் குறையும். சின்ன விஷயம்தான். ஆனால் வீடு வீடாகப் போகும் சமூக வேலைக்கும், பஸ் போகாத இடத்திலுள்ள தொழிற்சாலைக்கும் கார் ஓடத் தெரிந்திருக்கவேண்டும்.

பழைய வேலைக்குப் பக்கத்து வேலை

முதலில் உங்கள் தொழில் அங்கே உரிமம் தேவைப்படும் தொழிலா என்று பாருங்கள். கனடா அரசின் ஜொப் பேங்க் தளத்தில் தொழிலின் பெயரை அடித்தால் உரிமம் வேண்டுமா, அந்தப் பகுதியில் மணிக்கு எவ்வளவு சம்பளம் என்று இரண்டும் வரும். தாதியர், பொறியியலாளர், அரச பாடசாலை ஆசிரியர், மின்னிணைப்பாளர் எல்லாம் உரிமத் தொழில்கள். கணக்கு எழுதுதல், தரக் கட்டுப்பாடு, குடியேறியவர்கள் நிலைகொள்ள உதவும் சேவை, அலுவலக நிர்வாகம் ஆகியவற்றுக்கு உரிமம் தேவையில்லை. உரிமத் தொழில் என்றால் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சபைக்கு நேரடியாக எழுதுங்கள். உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்தில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் பதினைந்து வருடப் பழசு. "கனடிய அனுபவம் இல்லாமல் என்ஜினியர் உரிமம் கிடைக்காது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்ராறியோப் பொறியியலாளர் சபை அந்த நிபந்தனையை 2023லேயே நீக்கிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று கேட்கவும் கூடாது. சட்டம் வந்தால் மனமும் மாறிவிடுமா என்பது வேறு கதை. ஆனால் அந்த வரியைப் பார்த்து விண்ணப்பிக்காமல் விட இனிக் காரணமில்லை.

ஆசிரியர்களின் நிலைமைதான் கொஞ்சம் சிக்கல். தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, பட்டம் இல்லாமல் பத்து வருடம் படிப்பித்தவருக்கு ஒன்ராறியோ ஆசிரியர் சபையின் கதவு லேசில் திறக்காது. அங்கே பட்டமும் வேண்டும், ஆசிரியப் பயிற்சியும் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது முன்பள்ளிக் கல்வி. சென்டெனியல், செனெக்கா, ஜோர்ஜ் பிரவுன் போன்ற அரச கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளோமா. படிப்புக் காலத்திலேயே பிள்ளைகள் பராமரிப்பு நிலையங்களில் வேலைப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். முடித்தால் முன்பள்ளிக் கல்வியாளர் சபையில் பதியலாம். ஆரம்பப் பிரிவு படிப்பித்த ஆசிரியை ஒருவருக்கு நாற்பது பிள்ளைகளை அடக்கி வைக்கும் வித்தையை யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆங்கிலமும் அந்த நாட்டுச் சட்டதிட்டமும்தான் புதிது.

விவசாயப் பட்டதாரிகளுக்கு உணவுத் தொழிற்சாலை. ஸ்காபரோவிலும் பிரம்ப்டனிலும் பாண் வேகும் தொழிற்சாலைகளிலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் நம்மவர்கள் ஏற்கனவே லைனில் நிற்கிறார்கள். அதே கட்டடத்தில் வெள்ளைக் கோட்டும் வெப்பமானியுமாக ஒருவர் திரிவார், தரக் கட்டுப்பாட்டு ஆள். ஹசப் (HACCP) என்னும் உணவுப் பாதுகாப்பு முறையில் குறுகிய கோர்ஸ் ஒன்று செய்து, நுண்ணுயிரியல் படித்ததை ரெசுமேயில் மேலே போட்டு, அந்தத் தொழிற்சாலையிலேயே உள்விளம்பரத்துக்கு விண்ணப்பியுங்கள். வெளியிலிருந்து வருபவரைவிட லைனில் நின்று பொருளைத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு மதிப்பு இருக்கிறது. அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் இப்படித்தான் மாறினார். லைனில் நின்ற காலத்தில் இடைவேளைகளில் தரப் பிரிவுக்காரரோடு கதைத்துக் கதைத்தே பாதி வேலையைப் பழகியிருந்தார்.

கணக்குப் பகுதியில் இருந்தவர்கள் சம்பளப் பட்டியல் வேலையைப் பாருங்கள். தேசிய பேரோல் நிறுவனம் கொடுக்கும் பிசிபி (PCP) சான்றிதழை வேலை விளம்பரங்களில் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் என்விக்யூ என்னும் தொழில் தகைமை முடித்தவர்கள் சில வேளை பட்டதாரிகளைவிட வேகமாக நிலைகொள்கிறார்கள். ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்னும் மாகாண நிறுவனம் பழைய அனுபவத்தை மதிப்பிட்டுப் பார்க்கும். தொழிற்பயிலுநராகச் சேர்ந்தால் சம்பளத்தோடு பழகலாம். கட்டுமான, பராமரிப்பு மின்னிணைப்பாளருக்கு 9,000 மணித்தியாலப் பயிற்சி. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் வேலைத்தளத்தில் பழகும் மணிக்கெல்லாம் சம்பளம் உண்டு.

என்ஜிஓவிலும் பிரதேச செயலகத்திலும் களத்தில் நின்றவர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடுவது எனக்குப் பொறுக்காது. படுவான்கரையில் வேலை செய்த ஒரு தங்கச்சி தன் ரெசுமேயைக் காட்டினார். "வெள்ள நிவாரண வேலை" என்று ஒரே வரி. கதை கேட்டால், 2011 ஜனவரி வெள்ளத்தில் மண்டூருக்குப் போகும் பாதையில், பதிவேட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பாடசாலை முகாமில் குடும்பம் குடும்பமாகப் பதிந்து, உலருணவுப் பொதி யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விடுபட்டது என்று இரவில் இருந்து ஒப்பிட்டிருக்கிறார். பொதி கிடைக்காமல் கத்திய ஆட்களைச் சமாளித்திருக்கிறார். அங்கே குடியேறியோர் சேவை நிலையங்களில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இதைத்தான் கேட்கிறார்கள். எத்தனை குடும்பம், எத்தனை நாள், என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதவேண்டும். நேர்முகத்திலும் இப்படியே சொல்லவேண்டும். "நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சம்" என்ற அடக்கம் ஊரில் அழகு, அங்கே புள்ளி குறையும்.

கோர்ஸுக்குள் வேலைத்தளம் இருக்கிறதா?

கோர்ஸ் விற்பவர்கள் அங்கே நிறைய. ஆறு மாதம், பத்தாயிரம் டொலர், முடிந்ததும் ஒரு சான்றிதழும் படமும். எந்தக் கோர்ஸில் சேருமுன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். படிப்புக்குள் வேலைப் பயிற்சி இருக்கிறதா? அந்த இடத்தைக் கல்லூரி தேடித்தருமா, நானே தேடவேண்டுமா? போன முறை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். தனியார் தொழிற்கல்லூரி என்றால் அது மாகாண அரசில் பதிந்திருக்கிறதா என்று அரச பட்டியலில் பாருங்கள். தமிழில் பேசும் முகவர் என்பதற்காக மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்றே பிரிட்ஜிங் என்ற பாலப் பயிற்சிகள் இருக்கின்றன. மாகாண அரசு நிதி கொடுப்பதால் கட்டணம் இருக்காது, அல்லது குறைவு. ஸ்காபரோவிலும் அலுவலகம் வைத்திருக்கும் அக்சஸ் எம்ப்ளோய்மென்ட் என்னும் நிறுவனம் இவற்றைத் துறைவாரியாக நடத்துகிறது. கேரியர் எட்ஜ் என்னும் இலாபநோக்கற்ற நிறுவனம் 1996 முதல் சம்பளத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்கிறது, வெளிநாட்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் அதில் இடமுண்டு. ட்ரையெக் (TRIEC) என்னும் நிறுவனம் நடத்தும் வழிகாட்டித் திட்டத்தில் உங்கள் தொழிலிலேயே இருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். அவர் வேலை எடுத்துத் தரமாட்டார். ஆனால் அந்தத் தொழிலில் இப்போது எந்த மென்பொருள் ஓடுகிறது, எந்தக் கொம்பனி ஆட்களை எடுக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பற்றி ஒரு எச்சரிக்கை. கல்லூரி, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தாலொழிய, ஒன்ராறியோவில் பயிற்சி என்ற பெயரில் வேலை வாங்கினால் சம்பளம் கொடுக்கவேண்டும். 2025 ஒக்டோபர் 1 முதல் பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டொலர். "முதல் மூன்று மாதம் சும்மா செய்யுங்கோ, மறுகா பாப்பம்" என்று நம்மவர் கடையிலோ அலுவலகத்திலோ சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொண்டு நிறுவனத்தில் வாரத்தில் சில மணிநேரம் தொண்டு செய்வது வேறு. அது ஒரு பரிந்துரைக் கடிதத்துக்கு வழி.

வேலை போய், வேறு தொழிலுக்கு மாற நினைப்பவர்களுக்குப் பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ என்ற திட்டம் இருக்கிறது. 2008ல் செகண்ட் கேரியர் என்ற பெயரில் தொடங்கியது. தகுதி இருந்தால் கல்விக் கட்டணம், புத்தகம், போக்குவரத்துக்கு உதவுவார்கள். சேர்ந்து காசு கட்டிய பிறகு போய்க் கேட்காதீர்கள், விண்ணப்பம் முதலில். அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு மத்திய அரசு நிதியில் நடக்கும் பல குடியேற்றச் சேவைகள் கிடைக்காது. அதற்காக வீட்டில் இருக்கவேண்டியதில்லை, நூலக அட்டை எடுத்து ஆங்கிலத்தையும் கொம்பியூட்டரையும் திருத்திக்கொள்ளலாம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு லிங்க் (LINC) ஆங்கில வகுப்பு இலவசம். பேச்சுப் பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள், அலுவலக மின்னஞ்சல் எழுதும் ஆங்கிலம் தனி.

வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் படிக்கப் போனால் வாடகை நிலுவையில் நிற்கும். ஒருவர் ஷிப்ட், ஒருவர் படிப்பு, பிறகு மாறுவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கணவன்மார் முதலில் படித்துவிட்டு, மனைவியின் முறை வரும்போது பிள்ளை, வீட்டுக்கடன் என்று தள்ளிப்போடுகிறார்கள். யாருடைய படிப்புக்கு அங்கே உடனே வேலை இருக்கிறதோ அவர் முதலில் போகட்டும். மேலே சொன்ன முன்பள்ளி, சமூக சேவை, பேரோல் எல்லாவற்றிலும் நம் பெண்கள்தான் சீக்கிரம் நிமிர்கிறார்கள்.

கடைசியாக, அரச சேவையில் சம்பளமில்லா விடுமுறை போட்டுவிட்டுப் போனவர்களுக்கு. 2022ல் வந்த 14/2022 சுற்றறிக்கை ஐந்து வருடம் வரை வெளிநாடு போக இடம் கொடுத்தது. அந்த வருடமே போனவர்களுக்கு 2027ல் காலம் முடிகிறது. திரும்புவதா, வேலையை விடுவதா என்று கடைசி மாதத்தில் யோசிக்காமல், தொடங்கிய படிப்பு எப்போது முடியும் என்பதோடு சேர்த்து இப்போதே கணக்குப் பாருங்கள். அதுவரை வலயக் கல்வி அலுவலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ உங்கள் இப்போதைய முகவரி தெரிந்திருக்கட்டும். கொடுத்த விடுமுறைக் கடிதத்தின் கொப்பி ஒன்று ஊரில், ஒன்று உங்கள் கையில்.