ஹார்பிஞ்சர்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

'முன்னோடி' என்பதற்கு ஆங்கிலத்தில் ஃபோர்ரன்னர், பிரிகர்ஸர் என்றே எழுதி அலுத்துவிட்டதா? ஹார்பிஞ்சர் (harbinger) என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்து 'ஹார்பிங்கர்' என்று படிக்க வேண்டாம். நடுவில் வருவது 'ஞ்ச' ஓசைதான்.

பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு முதலில் தங்க இடம் கொடுப்பவர் என்றே பொருள். அப்புறம், படைக்கோ அரச பரிவாரத்துக்கோ தங்குமிடம் பிடிக்க முன்கூட்டியே போகும் ஆளைக் குறித்தது. அவர் வந்துவிட்டால் பின்னால் ஒரு கூட்டமே வரப்போகிறது என்று அர்த்தம். வரப்போவதை முன்னதாகக் காட்டும் ஆள் அல்லது அடையாளம் என்ற இன்றைய பொருள் அங்கிருந்து பிறந்ததுதான். ஹார்பர் என்ற சொல்கூட இதற்கு உறவுக்காரர்.

பெரும்பாலும் பின்னால் 'ஆஃப்' சேர்ந்து வரும். 'ஹார்பிஞ்சர் ஆஃப் ஸ்பிரிங்' என்றால் வசந்தம் வருவதைச் சொல்லும் முதல் பூவோ பறவையோ. 'ஹார்பிஞ்சர் ஆஃப் டூம்' என்றால் கேடு வரப்போவதன் அறிகுறி. நல்லதற்கும் கெட்டதற்கும் பொருந்தும். கெட்டதற்குத்தான் இது இன்னும் எடுப்பாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

பதவியில் உங்களுக்கு முன்பு இருந்தவரை மட்டும் இப்படிச் சொல்லிவிடாதீர்கள், அவர் பிரெடிசெஸர். சாதாரண அலுவலக மின்னஞ்சலில் போட்டாலும் கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரியும். கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.