"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

வீட்டுப் பெரியவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார், விடிகாலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், பிடித்த சீரியலைக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. கை கால் குடைச்சல், அசதி என்றுதான் சொல்வார்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தினமும் போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, ஏன், சில மாத்திரைகளும் இதே மாதிரி சோர்வைத் தரும். காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சரியாகக் கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுவார். நாம் அதை வீம்பு என்று நினைத்துக்கொள்வோம்.

அப்புறம், "நீங்க சும்மா உட்காருங்க" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கீரை ஆய்வது, பால் கணக்கு, ஏதாவது ஒன்று அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

மனம்விட்டுப் பேச, அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. "செத்துப்போனா தேவலை" என்று சொன்னால் மட்டும் புலம்பல் என்று ஒதுக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.