எடுரோம் வைஃபையை முதல் தடவையிலேயே சரியாக இணைப்பது எப்படி?

பல பல்கலைக்கழகங்களில் வைஃபையை இணைத்ததும் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். பயனர்பெயர், பாஸ்வேர்டு போட்டால்தான் இணையம் வரும். கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்து மறுபடியும் அதே பக்கம் வந்து நிற்கும். சில சமயம் அந்தப் பக்கமே திறக்காது. இந்த முறையை விட்டுவிட்டு, பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து வழங்கும் பொது வைஃபையான எடுரோமுக்கு மாறுவது மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தினமும் பயன் தரும் மாற்றம். ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும். உங்கள் வளாகத்திலும், எடுரோம் இருக்கும் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும், வேறு நாட்டிலும்கூட போன் தானாகவே இணைந்துகொள்ளும்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: தப்பாக அமைத்தாலும் எடுரோம் வேலை செய்யும். வைஃபை குறி வந்துவிட்டது, வீடியோ ஓடுகிறது, எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். ஆனால் உங்கள் பாஸ்வேர்டு யார் கையில் வேண்டுமானாலும் சிக்கும் நிலையில் இருக்கலாம். அதனால் இணைவதைவிட, சரிபார்த்து இணைவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

2002ல் நெதர்லாந்தின் கல்வி நிறுவனங்களுக்கு இணைய வலையமைப்பை நடத்திய சர்ஃப்நெட் நிறுவனத்தில் இருந்த கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை இது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. எங்கே போனாலும் நெட்வொர்க்கின் பெயர் ஒன்றுதான்: ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘eduroam’.

நீங்கள் வேறொரு வளாகத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போன் இணையக் கேட்டதும் அந்த வளாகத்தின் ரேடியஸ் சர்வர் (உள்நுழைவுக் கோரிக்கைகளைக் கையாளும் கணினி) உங்கள் பயனர்பெயரில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்கும். அதை வைத்து, நாட்டு அளவிலான சர்வர்கள் வழியாக உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கோரிக்கையை அனுப்பும். அங்கேதான் பாஸ்வேர்டு சரிபார்க்கப்படும். சரி என்று பதில் வந்ததும் கதவு திறக்கும். ஒட்டிய உறையில் போகும் கடிதத்தைப் போலத்தான் இது: வழியில் இருப்பவர்கள் முகவரியைப் படிக்கலாம், உள்ளே இருக்கும் பாஸ்வேர்டைப் படிக்க முடியாது.

அந்த உறையைத் திறப்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வர்தானா என்று பார்க்க வேண்டிய வேலை உங்கள் போனுடையது. அதற்குத்தான் சர்வர் சான்றிதழ், அதாவது சர்வரின் டிஜிட்டல் அடையாள அட்டை. யாரோ ஒருவர் கேன்டீனில் உட்கார்ந்து அதே பெயரில் ஒரு போலி வைஃபையைத் தொடங்கினால், சான்றிதழைப் பார்க்காத போன் நேராக அங்கே போய்ப் பாஸ்வேர்டை நீட்டிவிடும். பல இடங்களில் பயன்படும் எம்எஸ்சாப் பதிப்பு 2 (MSCHAPv2) என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையில் பாஸ்வேர்டு நேரடியாகப் போகாது என்பது உண்மைதான். ஆனால் அதை உடைத்துவிடலாம் என்று 2012லேயே டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்களான மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டிவிட்டார்கள். பல வளாகங்களில் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் பக்கத்துக்கும் இதே பாஸ்வேர்டுதான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

படி 1: பழையதை அழியுங்கள்

போனில் ஏற்கெனவே எடுரோம் சேமிக்கப்பட்டிருந்தால் வைஃபை பட்டியலில் அதன் மேல் அழுத்தி ‘ஃபர்கெட்’ கொடுங்கள். பழைய அமைப்பு கிடந்தால் புதியதோடு முட்டிக்கொள்ளும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்; கடிகாரம் தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழைக்கூட போன் காலாவதியானது என்று தள்ளிவிடும்.

படி 2: கெட்எடுரோம் செயலியை இறக்குங்கள்

இதை மொபைல் டேட்டாவிலோ வேறு வைஃபையிலோ செய்யுங்கள். பயணம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். போய் இறங்கிய இடத்தில், இணையம் வேண்டி அமைக்க உட்காரும்போது அதை அமைக்கவே இணையம் தேவைப்படும்.

எடுரோமை அமைத்துத் தரும் இந்தச் செயலி (geteduroam) ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் மூன்றுக்கும் உண்டு. திறந்ததும் தேடும் கட்டத்தில் உங்கள் கல்வி நிறுவனத்தின் பெயரைத் தட்டுங்கள். மாணவர், ஊழியர் என்று தனித்தனியாகக் காட்டினால் உங்களுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். சான்றிதழ், சர்வர் பெயர் எல்லாவற்றையும் செயலியே எடுத்துப் பொருத்திவிடும். நீங்கள் கொடுக்க வேண்டியது பயனர்பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமே.

ஆண்ட்ராய்டில் ஒன்று கவனம்: இணைந்துவிட்டதே என்று செயலியை நீக்கிவிடாதீர்கள். செயலி போனால் அது போட்டுவைத்த வைஃபை அமைப்பும் சேர்ந்தே போய்விடும்.

பட்டியலில் உங்கள் நிறுவனம் இல்லையென்றால் அமைப்புக் கோப்புகளைத் தரும் எடுரோம் கேட் (eduroam CAT) தளத்திலும் ஒருமுறை தேடுங்கள். மேக், லினக்ஸ் கணினிகளுக்கான நிறுவும் கோப்புகளும் அங்கே கிடைக்கும். ஐபோனில் அங்கிருந்து புரொஃபைலை (அமைப்புக் கோப்பை) இறக்கினால் உடனே செட்டிங்ஸுக்குப் போய் நிறுவிவிடுங்கள். எட்டு நிமிடத்துக்குள் நிறுவாவிட்டால் ஐபோன் அதைத் தானாகவே அழித்துவிடும்.

படி 3: பயனர்பெயரை முழுதாகப் போடுங்கள்

‘என் வளாகத்தில் நன்றாக வந்தது, இங்கே வந்ததும் இணையவே மாட்டேன் என்கிறது’ என்று புலம்புபவர்களில் பலர் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

உங்கள் பயனர்பெயர் ‘கயல்’ என்றால், ‘கயல்’ என்று மட்டும் போட்டாலும் சொந்த வளாகத்தில் பல சமயம் இணைந்துவிடும். அங்குள்ள சர்வர் நம்ம பிள்ளைதான் என்று எடுத்துக்கொள்கிறது. வெளியே போனதும் @ குறியும் அதன் பின்பகுதியும் இல்லாததால் கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று எந்தச் சர்வருக்கும் தெரியாது. ஆகவே எப்போதும் ‘கயல்@பல்கலைக்கழக முகவரி’ என்று முழுதாகவே கொடுங்கள். இந்தப் பின்பகுதி உங்கள் மின்னஞ்சலில் இருப்பதுபோலவே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் வேறாக இருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஐடி பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. போனின் கீபோர்டு பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், சர்வரோ மறுத்துக்கொண்டே இருக்கும். பின்னால் ஒருமுறை அழித்துப் பாருங்கள்.

படி 4: கையால் அமைக்க நேர்ந்தால்

செயலி வழி இல்லவே இல்லை என்றால் மட்டும் இந்தப் படி. ஆண்ட்ராய்டில் எடுரோமைத் தொட்டதும் நிறையக் கட்டங்கள் வரும். சரிபார்ப்பு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஈஏபி முறை (EAP method), இரண்டாம் கட்ட முறை (Phase 2 authentication) இரண்டையும் உங்கள் ஐடி துறை சொன்னபடி போடுங்கள். ஊகித்துப் போட வேண்டாம்.

‘சிஏ சர்டிஃபிகேட்’ கட்டத்தில்தான் நிதானம் தேவை. ‘டோன்ட் வேலிடேட்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதைத் தொடாதீர்கள். சான்றிதழைப் பார்க்கவே வேண்டாம் என்று போனிடம் சொல்வது அது. 2020 டிசம்பரில் பிக்சல் போன்களுக்கு வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டில் கூகுள் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. வேறு போன்களில் அது இன்னும் கண்ணில் படலாம். அவசரத்துக்கு அதை அழுத்தச் சொல்லும் நண்பர்களும் இருப்பார்கள், கேட்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் சான்றிதழைத் தேர்ந்தெடுத்து, ‘டொமைன்’ கட்டத்தில் அவர்கள் தரும் சர்வர் பெயரை எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

ஐபோனிலோ மேக்கிலோ கையால் இணைத்தால் ஒரு சான்றிதழைக் காட்டி ‘ட்ரஸ்ட்’ கொடுக்கவா என்று கேட்கும். அதில் உள்ள சர்வர் பெயர் ஐடி பக்கத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் கொடுங்கள். முன்பே அமைத்த போனில் திடீரென்று ஒருநாள், அதுவும் வெளியிடத்தில், இந்தக் கேள்வி வந்தால் ‘கேன்சல்’ அழுத்திவிட்டு உங்கள் ஐடி துறையிடம் கேளுங்கள்.

படி 5: பாஸ்வேர்டு மாற்றிய நாளில்

பாஸ்வேர்டை மாற்றியதும் போன், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றிலும் எடுரோமைப் புதுப்பியுங்கள். பைக்குள் கிடக்கும் ஒரு பழைய டேப்லெட் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முட்டும். தவறான முயற்சிகள் கூடினால் கணக்கையே பூட்டிவிடும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. காரணம் புரியாமல் கணக்கு அடிக்கடி பூட்டிக்கொண்டால் முதலில் பழைய கருவிகளைத் தேடுங்கள்.

வேறு வளாகத்தில் இணையம் வருகிறது, நூலக இதழ்கள் திறக்கவில்லையே?

எடுரோம் தருவது இணைய இணைப்பு மட்டும். வெளி வளாகத்தில் இருக்கும்போது அந்த வளாகத்தின் ஐபி முகவரிதான் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் பல்கலைக்கழகம் சந்தா கட்டிய இதழ்களைப் படிக்க அதன் விபிஎன்னையோ நூலக உள்நுழைவையோ பயன்படுத்த வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இணையவில்லை என்றால்

உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதுங்கள். பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது அவர்கள் சர்வர்தான். நீங்கள் போயிருக்கும் இடத்தில் உள்ளவர்களால் உங்கள் கணக்கைப் பார்க்க முடியாது. ‘வைஃபை வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் தேடுவதற்கு ஒரு பிடியும் இருக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம். இன்று காலை 10.20க்கு, வெளியூர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் எடுரோம் இணையவில்லை. ஆண்ட்ராய்டு 13 போன். கெட்எடுரோம் செயலி வழியாக அமைத்தேன். @ குறியோடு முழுப் பயனர்பெயர் போட்டிருக்கிறேன். நேற்று நம் வளாகத்தில் இணைந்தது. திரையில் வந்த செய்தியின் படத்தை இணைத்திருக்கிறேன்.’

இதோடு உங்கள் பயனர்பெயரையும் போனின் மேக் முகவரியையும் (MAC address, வைஃபையில் கருவியை அடையாளம் காட்டும் எண்) சேர்த்துவிட்டால், சர்வர் பதிவேட்டில் அந்த நேரத்துக்கான வரியைத் தேடி எடுப்பது அவர்களுக்குச் சுலபம். பாஸ்வேர்டை மட்டும், அவர்களே கேட்டதாக மின்னஞ்சல் வந்தாலும், எழுதி அனுப்பாதீர்கள்.