முழு நாள் ஜேகே: பிள்ளைய அனுப்புறதுக்கு முன்னாடி நாம பண்ற தப்புகள்

ஸ்கூல் ஆரம்பிச்சு மூணாவது நாள். எங்க பையன் டீச்சர் கிட்ட போய் "உச்சா"ன்னு சொல்லிருக்கான். அவங்களுக்கு அது தும்மல் மாதிரி கேட்ருக்கு, பாவம், ஒரு டிஷ்யூவ எடுத்து கைல குடுத்து தலையத் தடவி அனுப்பிட்டாங்க. அப்புறம் என்ன, ரெண்டே நிமிஷத்துல பேன்ட் ஈரம். 26 எழுத்தும் தெரியும், இருபது வரைக்கும் எண்ணுவான், டைனோசர் பேரு பத்து சொல்லுவான், ஆனா ஆத்திர அவசரத்துக்கு வேண்டிய அந்த ஒரு வார்த்தைய மட்டும் நாங்க சொல்லித் தரல. சம்மர் பூரா ஃப்ளாஷ் கார்டு வச்சு அவன் உயிர எடுத்தது நான்தான்.

இங்க கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்துல பிறந்த வருஷத்த வச்சுதான் கணக்கு. அந்த வருஷம் டிசம்பர் 31க்குள்ள 4 வயசு ஆகுதுன்னா செப்டம்பர்லயே ஜேகே-ல, அதாவது ஜூனியர் கிண்டர்கார்டன்ல, சேக்கலாம். எங்காளு நவம்பர் கடைசி, அதனால முதல் நாள் உள்ள போறப்ப அவனுக்கு நாலு கூட முடியல. பெரும்பாலும் ஜேகே, அதுக்கு அடுத்த வருஷத்து எஸ்கே (சீனியர் கிண்டர்கார்டன்) ரெண்டும் ஒரே கிளாஸ்ல கலந்துதான் இருக்கும், அதுல ஜனவரில பிறந்த எஸ்கே பொண்ணு பக்கத்துல நிக்கிறப்ப இவன் அவ தோளுக்குதான் இருந்தான். நாள் பூரா கிளாஸ், காலைல 9 மணி வாக்குல போனா வர்றதுக்கு மூணரை ஆயிடும். ஊர்ல அம்மா கிட்ட சொன்னப்ப "எல்கேஜி பன்னண்டரைக்கு விட்ருவாங்களேடி, நாள் பூராவா, புள்ளைக்கு யாரு சோறு ஊட்டுவா"ன்னு கேட்டாங்க. எங்க மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவும் அவங்க பெரிய பசங்க காலத்துல அரை நாள்தான்னு சொன்னாங்க. அது சரிதான், இந்த முழு நாள் கிண்டர்கார்டன் இங்க 2010 செப்டம்பர்ல கொஞ்சம் ஸ்கூல்கள்ல ஆரம்பிச்சு 2014லதான் மாகாணம் பூரா வந்துது. அதனால பழைய ஆளுங்க சொல்ற அனுபவத்த அப்படியே எடுத்துக்க முடியாது.

ஆனா அந்த அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் நூத்துக்கு நூறு. "ஏபிசி பிறகு வரும் தங்கச்சி, முதல்ல தன்ர சப்பாத்தைத் தானே போடப் பழக்குங்கோ." சப்பாத்துன்னா ஷூ. நான் கேக்கல.

எழுத்தும் நம்பரும் தெரிஞ்சா ரெடின்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு, நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு பண்றதும் இதுதான். கிளாஸ்ல ஒரு டீச்சர், கூட ஒரு ஈசிஇ, அதாவது சின்னப் பிள்ளைங்கள பாத்துக்கவே தனியா படிச்சு வந்தவங்க. ரெண்டு பேருக்கும் சேத்து 26, 27 பிள்ளைங்க இருக்கும், 29 வரைக்கும் கூட போகும். எழுத்து சொல்லித் தர அவங்களுக்கு ரெண்டு வருஷம் இருக்கு, அதையும் விளையாட்டு வழியாதான் பண்ணுவாங்க. 27 பேருக்கும் ஒரே நேரத்துல ஜிப் போட்டு விட மட்டும் ஆளு கிடையாது. மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில இருக்குற ஆஃபர்ட் சென்டர் உருவாக்குன இடிஐ-ன்னு ஒரு படிவம் இருக்கு, எஸ்கே பிள்ளைங்கள பத்தி டீச்சர் நிரப்புறது, 103 கேள்வி, அஞ்சு பிரிவு. உடம்பு ஆரோக்கியம், மத்தவங்களோட பழகுறது, மனசளவுல முதிர்ச்சி, மொழியும் அறிவும், அப்புறம் தன் தேவைய எடுத்துச் சொல்றதும் பொது அறிவும். எழுத்து எண்ணு எல்லாம் இந்த அஞ்சுல ஒரே ஒரு பிரிவுக்குள்ள வந்துடுது. அது நம்ம பிள்ளைக்கு மார்க் போடுற டெஸ்ட்டும் இல்ல, ஏரியா வாரியா பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கத்தான். ஆனா எதெல்லாம் கணக்குல எடுக்குறாங்கன்னு பாத்தாலே நாம எவ்ளோ குறுகலா யோசிக்கிறோம்னு தெரியும்.

பாத்ரூம் விஷயத்துக்கு வருவோம். டயப்பர் விட்டாச்சு, அப்ப ரெடின்னு நினைச்சுடக் கூடாது. நம்ம வீட்ல தண்ணி ஊத்தி கழுவி விடுறதே நாமதான், அங்க இருக்குறது பேப்பர், தொடச்சு விட யாரும் வர மாட்டாங்க, வெளில நின்னு "இப்டி பண்ணு"ன்னு வாயால சொல்லுவாங்க அவ்ளோதான். அதனால ஜூன், ஜூலைலயே பேப்பர்ல தொடைக்க, அவனே ஃப்ளஷ் பண்ண, கை கழுவப் பழக்கிடுங்க. தானா ஃப்ளஷ் ஆகுற சத்தத்துக்கு பயந்து நாள் பூரா அடக்கி வச்சுக்குற பிள்ளைங்களும் உண்டு, மால்ல ஒரு தடவ அழைச்சிட்டுப் போய் காட்டிடுங்க. ஜீன்ஸ், பெல்ட், அழகழகான பட்டன் வச்ச பேன்ட் எல்லாம் பர்த்டே பார்ட்டிக்கு வச்சுக்கோங்க, ஸ்கூலுக்கு எலாஸ்டிக் போதும். பையில மாத்து டிரஸ் ஒரு செட், சாக்ஸ் உள்பட, சாக்ஸ எல்லாரும் மறந்துடுவோம். அப்புறம் அந்த வார்த்தை. வீட்ல உச்சான்னோ மூச்சான்னோ எப்படி வேணா சொல்லட்டும், டீச்சர் கிட்ட "பாத்ரூம்"னு சொல்லணும்னு சொல்லிக் குடுங்க. எங்க வீட்ல நடந்ததுல டீச்சர் தப்பு ஒண்ணுமே இல்ல, நாங்க சொல்லித் தராதது தான்.

சாப்பாடு. ஐயோ, இத பத்தி ஒரு புக்கே போடலாம். மூணே முக்கால் வயசு வரைக்கும் எங்க பையன் ஒரு வாய் தானா சாப்பிட்டதில்ல, ஐபேட்ல ஏதாவது ஓடும், நான் ஊட்டுவேன், அவன் வாய மட்டும் திறப்பான். ஸ்கூல்ல சாப்பிடவே இருபது நிமிஷம்தான் கிடைக்கும், அதுல பாதி நேரம் பெட்டியத் திறக்கவே போயிடும். முதல் வாரம் நான் குடுத்தனுப்புனது சூடா இருக்கட்டும்னு இறுக்கி மூடுன தெர்மாஸ், உள்ள பருப்பு சாதம். திரும்பி வந்தப்ப அப்படியே இருந்துச்சு, ஏண்டா சாப்பிடலன்னு கேட்டா "மூடி வரல"ன்னான். அப்புறம்தான் வீட்லயே ஒரு ஒத்திகை போட்டோம், பாயில உக்கார வச்சு, டைமர் வச்சு, அவன் பெட்டி அவன் திறக்கணும், அவனே சாப்பிடணும், அவனே மூடணும், நான் சும்மா பக்கத்துல உக்காந்து என் சாப்பாட்ட சாப்பிடுவேன். முதல் ரெண்டு நாள் மூணு இட்லில அரை இட்லிதான் உள்ள போச்சு, எனக்கு கை பரபரன்னு வந்துச்சு, ஆனா அஞ்சாவது நாள் பசிக்கு அவனே முடிச்சான். சூடு பண்ணித் தர மாட்டாங்கங்கறதால ஆறுனாலும் தொண்டைல இறங்குற ஐட்டம்தான் வைக்கணும், பொடி தடவுன மினி இட்லி, சப்பாத்தி ரோல், தயிர் சாதம் மாதிரி. இன்னொண்ணு, பெரும்பாலான ஸ்கூல்ல கடலை, முந்திரி எதுவுமே கூடாது, வேற பிள்ளைக்கு அலர்ஜி இருந்தா உயிருக்கே ஆபத்து. நாம பீநட் பட்டர் மட்டும்தான் கடலைன்னு நினைச்சுட்டு நிலக்கடலை சட்னி தடவி தோசை வச்சு அனுப்புவோம், புளிசாதத்துல கடலை போட்ருப்போம், கேசரில முந்திரி. ஒரு தடவ பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி உத்துப் பாத்துடுங்க.

குளிர் டிரஸ்ஸ நவம்பர்ல பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. தூறலோ பனியோ, ரொம்ப மோசமான குளிரோ மழையோ தவிர பிள்ளைங்கள தினமும் வெளில விடுவாங்க. ஸ்னோ பேன்ட் முதல்ல, அப்புறம் பூட்ஸ், அப்புறம் ஜாக்கெட், தொப்பி, கடைசிலதான் மிட்டன்ஸ், அதான் விரல் பிரியாத கையுறை. மிட்டன்ஸ முதல்ல போட்டா ஜிப்ப பிடிக்கவே முடியாது, பிள்ளைங்க அதத்தான் முதல்ல போடும். ஜாக்கெட்டுக்கு ஒரு வழி இருக்கு, தரையில விரிச்சுப் போட்டு, கழுத்துப் பக்கம் பிள்ளையோட காலுகிட்ட இருக்கணும், ரெண்டு கையையும் ஸ்லீவ்ல விட்டு தலைக்கு மேல ஒரே தூக்கு, ஜாக்கெட் தானா முதுகுல வந்து உக்காந்துடும். எங்க ஹால்ல இத பண்ணிப் பண்ணி லைட்ட ஒரு தடவ இடிச்சான், ஆனா கத்துக்கிட்டான்.

அடுத்தது எனக்கு நிஜமாவே கோவம் வர்ற தப்பு. ஸ்கூல்ல கஷ்டப்படுவான்னு வீட்ல தமிழ நிறுத்துறது. எங்க கிட்டயே ரெண்டு மூணு பேரு சொன்னாங்க, "இப்பலருந்தே இங்கிலீஷ்ல பேசுங்க, இல்லன்னா பின்தங்கிடுவான்"னு. ரெண்டு மொழி பிள்ளையக் குழப்பாது, ஒரு மொழில கதை கேட்டு கேள்வி கேட்டு வளர்ற பிள்ளைக்கு ரெண்டாவது மொழி அதுக்கு மேல ஏறி உக்காரும். நம்ம அரைகுறை இங்கிலீஷ்ல "கம் கம், ஈட் ஈட்"னு பேசுறதுல அவனுக்கு கிடைக்கப் போறது ஒண்ணுமில்ல, பாட்டி கிட்ட பேசுற வார்த்தையும் போயிடும். புது மொழிக்குள்ள போற பிள்ளைங்க சில வாரம், சில சமயம் மாசக்கணக்குல கூட கிளாஸ்ல வாயத் திறக்காம பாத்துக்கிட்டே இருக்கும், அது சகஜம்தான், உள்ள வாங்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பாத்ரூம், தண்ணி, வலிக்குது, ஹெல்ப், வேணாம் இந்த அஞ்சாறு வார்த்தைய மட்டும் இங்கிலீஷ்ல சொல்லத் தெரிஞ்சா போதும். ஆனா தமிழ்லயே பேச்சு வரல, சொல்றது புரியல, கூப்பிட்டா திரும்பலன்னா அது வேற விஷயம், அத மொழி மேல பழி போட்டு தள்ளிப் போடாதீங்க. ஸ்கூல் போறதுக்கு முந்தின வயசுப் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே நடத்துற இலவச ஸ்பீச் சர்வீஸ் இருக்கு, டாக்டர் லெட்டர் இல்லாம நாமளே போன் பண்ணி சேரலாம். பேரு கெட்டுடும், முத்திரை குத்திடுவாங்கன்னு டீச்சர் கிட்ட மறைக்கிறவங்கள நான் பாத்துருக்கேன், மறைச்சா பிள்ளைதான் தனியா மல்லாடணும்.

தூக்கம். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 10லருந்து 13 மணி நேரம் வேணும், ஸ்கூல்ல மத்தியானம் படுக்க வைக்கிறது பொதுவா கிடையாது, அதனால மொத்தத்தையும் ராத்திரியே தூங்கி ஆகணும். இங்க ராத்திரி 9 மணின்னா சம்மர்ல சென்னைல காலைல ஆறரை, தாத்தா காபியோட வாட்ஸப் கால்ல வந்துருவாரு, பேரன் பத்தரை வரைக்கும் சோபால குதிச்சுட்டு இருப்பான். அந்தக் கால நாங்க சனி, ஞாயிறு காலைக்கு மாத்துனோம், அப்ப அவங்களுக்கு சாயங்காலம். தாத்தாவுக்கு ரெண்டு வாரம் மனஸ்தாபம்.

காலைல கேட் கிட்ட விடுறப்ப நாம பண்ற தப்பு ரெண்டு விதம். ஒண்ணு, அவன் அந்தப் பக்கம் பாக்குறப்ப நைசா கழண்டுக்கிறது. அன்னைக்கு அழாது, ஆனா மறுநாள்லருந்து பிள்ளை நம்ம சட்டைய விடவே விடாது, எப்ப காணாம போவாங்கன்னு பயம் வந்துரும். இன்னொண்ணு பத்து தடவ கட்டிப் பிடிச்சு நாமளும் கண்ணத் தொடைச்சுட்டு நிக்கிறது. "லன்ச் சாப்பிட்டு, வெளில விளையாடிட்டு, கதை கேட்டு முடிச்சதும் அம்மா வருவேன்"னு சொல்லிட்டு ஒரு முத்தம் குடுத்து திரும்பி நடந்துடணும். மூணரை மணின்னா அவனுக்கு என்ன தெரியும், கதைக்கு அப்புறம்னா தெரியும். நான் கார்ல உக்காந்து அழுதேன், அது வேற.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாம தரையில புரண்டு கத்துறான்னா ஸ்கூல்ல ஏதோ நடந்துருச்சுன்னு உடனே டீச்சருக்கு மெயில் தட்டாதீங்க. ஆறு மணி நேரம் அடக்க ஒடுக்கமா இருந்துட்டு நம்மகிட்ட வந்து அவுத்து விடுறான். மொதல்ல பழமோ முறுக்கோ குடுங்க, கேள்வியெல்லாம் அப்புறம். "இன்னைக்கு என்ன பண்ணே"ன்னா "ஒண்ணுமில்ல"ன்னுதான் வரும், "இன்னைக்கு யாரு அழுதா"ன்னு கேட்டுப் பாருங்க, மொத்த கிளாஸ் கதையும் வரும். செப்டம்பர்லயே பரதநாட்டியம், ஸ்விம்மிங், கணக்கு ட்யூஷன்னு சேக்குறத மட்டும் தயவு செஞ்சு பொங்கல் வரைக்கும் தள்ளிப் போடுங்க.

வருஷக் கடைசில பிறந்த பிள்ளைங்க வீட்ல எல்லாரும் யோசிக்கிறது, ஒரு வருஷம் நிறுத்தி வச்சா அடுத்த வருஷம் பெரியவனா தெம்பா ஜேகே போவானேன்னு. இங்க அப்படி நடக்காது. ஒரு வருஷம் கழிச்சு சேத்தா பொதுவா ஜேகே-ல விட மாட்டாங்க, அவன் பிறந்த வருஷத்துப் பிள்ளைங்களோட நேரா எஸ்கே-லதான் போடுவாங்க, மத்ததுங்க எல்லாம் இடம் பழகி ஃப்ரெண்ட் பிடிச்சு முடிச்சப்ப இவன் புதுசா நிப்பான். அதுக்காக அனுப்பியே ஆகணும்னும் இல்ல, இங்க கட்டாயப் படிப்பு 6 வயசுலருந்துதான், ஜேகே எஸ்கே ரெண்டுமே நம்ம இஷ்டம். நடுவுல ஒரு வழியும் இருக்கு, பிரின்சிபால் கிட்ட பேசி முதல் சில வாரம் மத்தியானத்தோட கூட்டிட்டு வர முடியுமான்னு கேட்டுப் பாக்கலாம், நாங்க மூணு வாரம் அப்படிப் பண்ணோம், நாலாவது வாரம் அவனே "எல்லாரும் இருக்காங்க நான் ஏன் வரணும்"னு சண்டை போட்டான். அதுக்கும் முன்னாடி, வீட்ல தனியா வளர்ற பிள்ளைன்னா இயர்லிஆன் சென்டருக்கு, அதான் சின்னப் பிள்ளைங்க வந்து விளையாடுற இடம், அழைச்சிட்டுப் போங்க, 6 வயசு வரைக்கும் இலவசம், கூடவே நாமளும் இருக்கலாம்.

ஒண்ணு மறந்தே போயிட்டேன், தடுப்பூசி. 4லருந்து 6 வயசுக்குள்ள ரெண்டு பூஸ்டர் வரும், போட்டா மட்டும் பத்தாது, அத பப்ளிக் ஹெல்த்துல, அதாவது நம்ம ஏரியா சுகாதாரத் துறைல, நாமதான் பதிவு பண்ணணும், டாக்டர் ஆபீஸ் அனுப்பிடும்னு நினைச்சு சும்மா இருந்தா ஸ்கூலுக்கு வராதேன்னு ஒரு நாள் லெட்டர் வரும். ஊர்ல போட்ட ஊசின்னா அந்த மஞ்ச கார்டு, பச்ச புக்கு எதுவா இருந்தாலும் கிழியுறதுக்குள்ள போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கண் டெஸ்ட்டும் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் ஓஹிப்ல, அதாவது மாகாண அரசோட மருத்துவக் காப்பீட்டுல, ஃப்ரீதான், சேத்து முடிச்சுடுங்க.