மீட்டரில் 12.5 வந்தால் ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?

போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஓடிக்கொண்டிருந்த காரின் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தார். 12.5 வோல்ட். “அண்ணே, டைனமோ அவுட்” என்றவர், உடனே பெல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் எடுத்துவிட்டார். டைனமோ என்று அவர் சொன்னது ஆல்டர்னேட்டரை; இன்ஜின் ஓடும்போது கரன்ட் தயாரித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். சில வருடங்களுக்கு முன் நானும் இதே எண்ணைப் பார்த்து இதே முடிவுக்கு வந்தவன். அதனால்தான் பேட்டரி, சார்ஜிங் வேலையில் நாம் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுகிறேன். பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டுவது, டெர்மினலை லூஸாக விடுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டாலே புரிந்துவிடும்.

ஒரே ரீடிங்கை வைத்து முடிவு கட்டுவது

பழைய வண்டிகளில் கணக்கு எளிது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் வோல்டேஜை ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரைக்குள் பிடித்து வைத்திருக்கும். இன்ஜின் ஓடும்போது 14 காட்டினால் சரி. 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. அந்த வண்டிகளுக்கு இன்றும் இது பொருந்தும்.

இப்போது வரும் பல வண்டிகளில் எத்தனை வோல்ட் வேண்டும் என்று முடிவு செய்வது ஈசியு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர். ஆல்டர்னேட்டர் சார்ஜ் போடப் போட இன்ஜின் மேல் பாரம் ஏறும், எரிபொருள் செலவாகும். அதனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஈசியு ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் ஃபீல்ட் கரன்ட்டைக் குறைத்துவிடும், வோல்டேஜ் 12.5 பக்கம் இறங்கும். காலை எடுத்ததும் வண்டி தன் வேகத்திலேயே ஓடுகிறது அல்லவா? அந்த ஓட்டத்திலிருந்து கரன்ட் எடுத்தால் எரிபொருள் செலவில்லை. அப்போது 14.8, சில வண்டிகளில் 15 வரைகூட ஏற்றும். இந்தச் சார்ஜை வாங்க இடம் வேண்டும் என்பதால், பேட்டரியை முழுதாக நிரப்பாமல் சுமார் 80 சதவீதத்தில் வைத்திருக்கும். தளும்ப நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாதே.

நெகட்டிவ் டெர்மினலைப் பாருங்கள். கிளாம்போடு சேர்ந்தாற்போல் மெல்லிய வயர் போகும் சின்னக் கருப்புப் பெட்டி இருந்தால் அதுதான் பேட்டரி சென்சார். கரன்ட், வோல்டேஜ், சூடு மூன்றையும் பார்த்து ஈசியுவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது இருக்கும் வண்டியில் 12.5-ஐக் கண்டு பதற வேண்டாம்.

இது எனக்குத் தெரியாத காலத்தில், காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். ஓடும் இன்ஜினில் 12.4. புது ஆல்டர்னேட்டர் மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் 14.4 காட்டியது, அனுப்பிவிட்டேன். ஸ்டார்ட் ஆன கையோடு பழையதும் அப்படித்தான் கொஞ்ச நேரம் காட்டியிருக்கும். நான் அப்போது மீட்டரே வைக்கவில்லை. நான்காம் நாள் அதே புகாரோடு வந்தார். மீட்டரில் அதே 12.4.

வயரை நீட்டி மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவரை ஓட்டச் சொன்னேன். மிதிக்கும்போது 12.6. சரிவில் காலை எடுத்தார்: 13.9, 14.5, 14.8. மறுபடி மிதித்தார், எண்கள் சரசரவென்று இறங்கின. அப்புறம் பேட்டரியிலிருந்து அதிகக் கரன்ட் இழுத்துப் பார்க்கும் லோட் டெஸ்ட் செய்தேன். தாங்கவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பொருளைக் கழற்றிப் போட்டு, கோளாறை அப்படியே விட்டு, அதற்குக் காசும் வாங்குகிறோம். இதை யாராவது செய்வதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஈசியு வோல்டேஜை 13.5-க்கு மேல் ஏற்றிவிடும். ஈசியுவில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருந்தால், ஈசியு கேட்கும் வோல்டேஜையும் கிடைக்கும் வோல்டேஜையும் லைவ் டேட்டாவில் அருகருகே பாருங்கள். 14.4 கேட்டு 12.4 கிடைத்தால் சந்தேகப்படலாம். அப்போதும் பெல்ட்டையும் வயரையும் பார்த்த பிறகே ஆல்டர்னேட்டர். லோடு இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி வயர்தான். எர்த் (மைனஸ்) பக்கமும் இதேபோல் அளக்க வேண்டும். லோடு போட்டதும் 12-க்குக் கீழே போனாலோ, 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டாலோ, அது நிஜமான கோளாறு.

தம்பியை ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். 14.2. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

வண்டியை நிறுத்திய கையோடு பேட்டரியை அளப்பது

12.9 காட்டும், நம்பிவிடுவோம். அது பேட்டரிக்குள் இருக்கும் தட்டுகளில் மேலாக நிற்கும் சார்ஜ். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இரவு முழுக்க விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்: 12.6-க்கு மேல் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. கதவைத் திறந்தாலே பல கன்ட்ரோல் யூனிட்கள் விழித்துக்கொண்டு கரன்ட் இழுக்கும். அதனால் பானெட்டை முதல் நாளே திறந்து வையுங்கள்.

சார்ஜரின் மைனஸை நேராக பேட்டரியில் மாட்டுவது

நெகட்டிவ் டெர்மினலில் இருக்கும் சென்சார் வழியாகப் போகாமலேயே சார்ஜ் பேட்டரிக்குள் போகும். எவ்வளவு ஏறியது என்று ஈசியுவுக்குத் தெரியாது. பாடி எர்த்தில் மாட்டுங்கள்.

ஓடும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது

எகிறும் வோல்டேஜ் ஈசியுவையே காலி செய்துவிடும். செய்யாதீர்கள்.

ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதா பேட்டரி

ஏஜிஎம் என்பது அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி. அது இருந்த இடத்தில் சாதாவை மாட்டக் கூடாது.

புது பேட்டரி மாட்டியதைப் பதிவு செய்யாமல் விடுவது

சில வண்டிகளில் பேட்டரி மாற்றியதை ஸ்கேனர் வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பழைய தளர்ந்த பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்து அதற்கேற்றபடியே ஈசியு சார்ஜ் போடும். வண்டி நின்றால் இன்ஜினைத் தானே அணைத்துத் திரும்ப எழுப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப்பும் வேலை செய்யாமல் போகலாம். பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர்-ஹவர் வேறாக இருந்தால் அதையும் ஈசியுவின் கோடிங்கில் (செட்டிங்கில்) மாற்றிவிட்டே வண்டியை வெளியே விடுங்கள்.