இடியப்ப உரல் போய்ச் சேர்ந்தது, கடதாசி அலுமாரியில் கிடந்தது: கனடாவுக்குக் குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வெளிக்கிடும் இரவில் யாழ்ப்பாணத்து வீடுகள் எல்லாம் ஒரே மாதிரித்தான். விறாந்தையில் சூட்கேஸ்கள் வரிசையாக நிற்கும். ஒருவர் தூக்குத் தராசோடு நிற்பார். 23 கிலோவைத் தாண்டினால் பிள்ளையின் புத்தகத்தை வெளியே எடுப்பார்களே தவிர, வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளில் கை வைக்கமாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். ரொறன்ரோவில் இறங்கிய மூன்றாம் நாள் மாமி ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனா. மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, இடியப்ப உரல் எல்லாம் அங்கே இருந்தன. நாங்கள் கொண்டுவந்திருக்க வேண்டியது நாலைந்து கடதாசிகள். அவை கோண்டாவில் வீட்டு அலுமாரியில் பத்திரமாகக் கிடந்தன.

அங்கே விற்பதைச் சுமந்துகொண்டு போய், இங்கே மட்டும் எடுக்கக்கூடியதை விட்டுவிட்டுப் போவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதற்குள்ளே அடக்கம்.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவை எடுத்துப் பாருங்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளின் தடுப்பூசி விவரத்தைச் சட்டப்படி கேட்பார்கள். கொடுக்காவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கு வராமல் நிறுத்திவைக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இப்போதே விசாரியுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. படித்தவர்கள் பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பத்திரத்தைக் கவனிக்க வேண்டும். தகுதியை மதிப்பிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேரே அனுப்ப வேண்டும் என்று கேட்கும். ஸ்காபரோவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கு யாரையாவது அனுப்பி வரிசையில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வாகனம் ஓடுகிறவர்கள் எத்தனை வருடமாக அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார்கள் என்ற கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எடுத்து வையுங்கள். ஒன்ராறியோவில் ஜி1, ஜி2, ஜி என்று மூன்று படி. பழைய அனுபவத்தைக் காட்ட முடிந்தால் படிகளுக்கு இடையில் காத்திருக்கும் காலம் குறையும்.

அடுத்தது பெயர். சிரிப்பாகத் தெரியும், ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் விஷயம். கந்தையா சிவபாலன் என்று ஒருவர். கந்தையா அவருடைய தகப்பன். கடவுச்சீட்டில் கந்தையா குடும்பப்பெயர் இடத்தில் போய் இருக்கிறது. மனைவியின் பெயரோடு இருப்பது சிவபாலன், பிள்ளைகளுக்கும் சிவபாலன். எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அங்கத்தைய எழுதுவினைஞருக்கோ ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். மருத்துவமனையில் “மிஸ்டர் கந்தையா” என்று கூப்பிடுவார்கள். செத்து இருபது வருடமான அப்பாவை யார் தேடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு இவர் கதிரையிலேயே இருப்பார்.

இதைத் திருத்தப் போய்த்தான் ஆட்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். வங்கியில் ஒரு மாதிரி, பள்ளியில் வேறு மாதிரி, மருத்துவ அட்டையில் முதலெழுத்தோடு என்று கொடுத்துவிட்டு, பிறகு எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைகிறார்கள். கடவுச்சீட்டில் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ, முதல் விண்ணப்பம் தொடக்கம் அப்படியே எழுதுங்கள். பெயர் பிடிக்காவிட்டால் பிறகு முறைப்படி மாற்றலாம், அரைகுறையாக மாற்றாதீர்கள். சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் எழுத்து வேறாக இருந்தால் அதை இங்கேயே உரிய பணிமனையில் சரி செய்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

நகை விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு இரண்டு பயம்: காட்டினால் வரி, காட்டாவிட்டால் களவு. குடியேறுகிறவர்கள் தங்கள் சொந்தப் பொருட்களுக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். கையோடு கொண்டு வருவது ஒரு பகுதி, பிறகு வரப்போவது இன்னொரு பகுதி. இரண்டாவது பகுதியைத்தான் பலர் வெறுமையாக விடுகிறார்கள். தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவார்கள், அட்டியலையும் காப்பையும் அம்மம்மாவிடம் விட்டுவிடுவார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு கலியாணத்துக்கு வந்து திரும்பும்போது அவற்றைக் கொண்டுபோனால், பட்டியலில் இல்லாத நகைக்கு வரி கேட்கலாம். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நிறையையும் மதிப்பையும் நகைக்கடையில் எழுதி வாங்கி, இரண்டு பகுதியிலும் சரியாகப் போடுங்கள். காசு 10,000 கனேடிய டொலர் அல்லது அதற்கு மேல் என்றால் எல்லையில் சொல்லியே ஆக வேண்டும். சொல்வதால் வரி இல்லை. மறைத்துப் பிடிபட்டால்தான் பறிமுதலும் தண்டமும். சாப்பாட்டுச் சாமானையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மண்ணோடு கறுத்தக்கொழும்பான் மாங்கன்று கொண்டுபோக ஆசைப்படாதீர்கள்.

கிரைண்டரையும் விட்டுவிட்டுப் போங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120.

வீடு எடுக்கும்போது நடக்கும் தவறைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்களே அதில் விழுந்தோம். புதிதாகப் போகிறவர்களில் கனபேர் சொந்தக்காரர் வீட்டின் பேஸ்மென்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில்தான், தொடங்குகிறார்கள். “அண்ணையின்ர வீடுதானே, என்னத்துக்கு எழுத்து?” என்று என் கணவரும் கேட்டார், நானும் தலையாட்டினேன். சமையலறை பொது. நாலாம் மாதம் ஒரு சின்னக் கதை பெரிதாகி, இரண்டு கிழமைக்குள் எழும்பச் சொன்னார்கள். சொந்தக்காரர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைத்தால் வருகிற சண்டைதான் அது. ஆனால் சட்டம் எனக்கு அப்போது தெரியாது. ஒன்ராறியோவில் வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால், வாடகையாளரைப் பாதுகாக்கும் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. தனிச் சமையலறை, தனிக் குளியலறை என்றால் நிலைமை வேறு. அப்போது முற்பணமாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. “சேதத்துக்கு” என்று தனியாக ஒரு தொகை வாங்கவும் முடியாது. 2018 ஏப்ரல் 30 முதல் மாகாணத்துக்கென்று ஒரே மாதிரி வாடகை ஒப்பந்தப் படிவமும் இருக்கிறது. மற்ற மாகாணங்களில் விதி வேறு. சொந்தக்காரரிடம் எழுத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டுமாம் என்று சொல்லிக் கேளுங்கள். அது பொய்யும் இல்லை. பேஸ்மென்றுக்குப் போனால் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் வருடம் எதற்கும் பிணைக் கையெழுத்துப் போடாதீர்கள். மச்சான் கார் எடுக்கிறார், கூட ஒரு கையெழுத்து வேண்டும் என்றால், அவர் கட்டாத மாதம் வங்கி உங்களைத்தான் தேடி வரும். அங்கே கடன் நம்பகத்துக்கு 300 முதல் 900 வரை புள்ளி போடுகிறார்கள், நீங்கள் தொடங்குவது வெறுமையில். ஒரு கடன் அட்டை எடுத்து, கொஞ்சமாகச் செலவழித்து, மாதாமாதம் முழுதாகக் கட்டினால் போதும். ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண்ணான சின் நம்பரைத் தொலைபேசியில் கேட்கிறவனுக்குச் சொல்லாதீர்கள். சீட்டுக்கு ஆள் சேர்க்க முதல் மாதமே வருவார்கள். ஆளைத் தெரியாமல் கட்டாதீர்கள். ஊருக்குக் காசு அனுப்ப, வங்கி இல்லாமல் ஆள்மூலம் கைமாறும் உண்டியல் வசதிதான், ஆனால் நாளைக்கு அந்தக் காசில் வாங்கிய காணிக்குக் கணக்குக் கேட்டால் காட்டுவதற்கு வங்கித் துண்டு இராது.

பிள்ளைகளில் நடக்கும் ஒரு தவறை யாரும் தவறென்று நினைப்பதில்லை. ஆங்கிலம் முதலில் வருவது அவர்களுக்குத்தான். உடனே பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மம்மாவின் வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போகிறது. அம்மம்மாவோ பேத்திக்கு முன்னால் உள்ளதைச் சொல்லமாட்டா. மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று மருத்துவமனையில் கேளுங்கள். இன்னொன்று, ஊரில் போல எட்டி ஒரு அடி போடுவது. பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் ஆசிரியர் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். ஆசிரியர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

விட்டுவிட்டுப் போகும் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியையே விற்பதென்றாலும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இருவரும் அங்கே, காணி இங்கே என்றால் உங்களுக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் இல்லாமல் ஒன்றும் நகராது. ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகம் ஊடாகவும் செய்யலாம். இங்கே இருக்கும்போதே நொத்தாரிசிடம் எழுதினால் அலைச்சல் மிச்சம். எதற்கெல்லாம் அதிகாரம் என்று வரையறுத்து எழுதுவியுங்கள். விற்கும் அதிகாரத்தை யோசித்துக் கொடுங்கள். காணி உறுதியின் பிரதி ஒன்றை உங்களோடு கொண்டுபோங்கள்.

எங்கள் அலுமாரித் திறப்பு குஞ்சம்மாவிடம் இருந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது திறந்து எல்லாக் கடதாசியையும் எடுத்துப் பையில் வைத்தேன். சூட்கேசில் இன்னும் இரண்டு கிலோ இடம் இருந்தது. குஞ்சம்மா மிளகாய்த்தூள் கட்டித் தந்தா.